இரண்டாவது தற்காப்புக் கலை: எப்போது, எதை, எப்படி

கராத்தே வகுப்பில் ஓராண்டு ஓடிய பிறகு பலருக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். யூடியூபில் தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு காணொளிகள் கண்ணில் படும். வீட்டுப் பக்கத்தில் ஒரு பாக்சிங் ஜிம் திறப்பார்கள். "இதோடு அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாமா, இல்லை கருப்பு பெல்ட் வாங்கிவிட்டுத்தான் வேறெதையும் தொட வேண்டுமா?" என்று கேட்பார்கள். அதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், மாஸ்டர் காதில் விழுந்துவிடுமோ என்று.

தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். கூடாது என்று சொல்பவர்களுக்கு வரலாறு துணை நிற்காது. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, அதற்கு முன் தென்ஜின் ஷின்யோ-ரியூ, கிதோ-ரியூ என்று இரண்டு ஜுஜுட்சு மரபுகளில் பயின்றவர். 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்த கிச்சின் ஃபுனகோஷியை, தன் கொடோகான் பள்ளியில் கராத்தே செய்து காட்ட அழைத்தவரும் அவரே. இன்று கராத்தேக்காரர்கள் போடும் வெள்ளைச் சீருடையும் கட்டும் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து வந்தவைதான். சோவியத் நாட்டில் சாம்போ என்ற மல்யுத்தக் கலையை உருவாக்கியவர்களில் ஒருவரான வசீலி ஒஷ்செப்கோவ், கொடோகானில் ஜூடோ பயின்று கருப்பு பெல்ட் வாங்கியவர். "எங்கள் கலையில் கலப்படமே கிடையாது" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கற்கிறோம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். சுவரில் மாட்ட இன்னொரு சான்றிதழுக்காக என்றால் நேரத்துக்கும் பணத்துக்கும் கேடு. ஒவ்வொரு கலையையும் அதன் போட்டி விதிகள்தான் செதுக்குகின்றன. விதி எதைத் தடுக்கிறதோ, அதைத் தற்காக்க வேண்டிய தேவை உங்களுக்கு வராது. தேவையில்லாததை உடம்பு கற்றுக்கொள்ளாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாவது கலை.

முதலில் ஒன்றில் காலூன்றுங்கள்

எத்தனை மாதம் என்று கேட்டால், வாரம் மூன்று நாள் ஒழுங்காகப் போகிறவருக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை என்பேன். ஆனால் நாள்காட்டியைவிட உடம்பைப் பார்ப்பது நல்லது. அடி வரும்போது கண்ணை மூடாமல் இருக்கிறீர்களா? பின்னால் நகரும்போது கால் பின்னிக்கொள்ளாமல் இருக்கிறதா? புதிய ஆளோடு இரண்டு மூன்று ரவுண்டு ஸ்பேரிங் (பயிற்சிச் சண்டை) செய்யும்போது மூச்சைப் பிடித்துவைக்காமல் விடுகிறீர்களா? நெருக்கடியில் தானாக வந்து விழுகிற ஓர் அடியோ, ஒரு பிடியோ, ஓர் எறிதலோ உங்களிடம் இருக்கிறதா? இந்த நான்குக்கும் "ஆம்" என்றால் அடுத்ததற்குப் போகலாம். பெல்ட் நிறம் பற்றிக் கவலை வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் வகுப்பில் ஸ்பேரிங்கே கிடையாது, காற்றில் கட்டா (வரிசையாக அமைத்த அடி, தடுப்பு அசைவுகள்) போடுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வுக்குப் பணம் கட்டுவதும்தான் நடக்கிறது என்றால், காத்திருக்காதீர்கள். எதிரில் ஒருவர் நின்று உண்மையாகவே தடுக்கும்போது என்ன நடக்கும் என்று தெரியாமல் எந்தக் கலையிலும் காலூன்ற முடியாது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

உங்கள் கலையின் போட்டி விதிகளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானோர் வகுப்பில் கேட்டதோடு சரி, விதிப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. "இது தவறு", "இதற்குப் புள்ளி இல்லை", "நடுவர் நிறுத்துவார்" என்று வரும் இடங்களில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். உங்கள் ஓட்டைகளின் பட்டியல் அதுதான்.

ஒலிம்பிக் முறை டேக்வாண்டோவில் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் அந்த வகுப்பில் வளர்ந்தவர்களின் கைகள் இடுப்புக்குக் கீழே தொங்குவதைப் பார்க்கலாம். அவர்கள் விளையாடும் ஆட்டத்துக்கு அது போதும். பாக்சிங் ரிங்கில் முதல் ஜாப் குத்திலேயே மூக்கில் வாங்குவார்கள். கியோகுஷின் கராத்தேக்காரர்கள் நெஞ்சிலும் தொடையிலும் இடி மாதிரி அடி வாங்கிக்கொண்டு நிற்பார்கள்; ஆனால் அவர்கள் போட்டியிலும் முகத்தில் கைக்குத்து கிடையாது, ஆகவே மூக்கோடு மூக்கு நின்று சண்டை போடும் பழக்கம் வந்துவிடும். பாக்சருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வராது என்ற நிம்மதி. எடையை முன்காலில் போட்டு நிற்பார். முவாய் தாய் (தாய்லாந்து உதைச் சண்டை) பழகியவர் தொடையில் இரண்டு உதை விட்டால் நொண்டுவார். குனிந்து தப்பிக்கும் பழக்கம் வேறு இருந்தால் முழங்கால் நேராக முகத்துக்கே வரும்.

ஜூடோவைப் பாருங்கள். 2010-இல் காலைப் பிடித்துத் தூக்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது, 2013-இல் அடியோடு தடை. அதற்குப் பிறகு பயிற்சி தொடங்கிய தலைமுறை நிமிர்ந்து நின்று சட்டைக் காலருக்காகப் போராடும். மல்யுத்தக்காரர் காலுக்குப் பாயும்போது என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியாது. தரையில் விழுந்தால் குப்புறச் சுருண்டு, நடுவர் நிறுத்தும்வரை காத்திருக்கும் பழக்கமும் ஜூடோவில் உண்டு. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அப்படிச் சுருள்வது முதுகை எதிராளிக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதுதான். முதுகைப் பிடித்தால் அங்கே 4 புள்ளி, அதற்குப் பிறகு கழுத்து. சரி, ஜியு-ஜிட்சுக்காரர் மட்டும் முழுமையா? நின்ற நிலையிலிருந்து அவராகவே உட்கார்ந்து எதிராளியைக் காலுக்கிடையில் இழுப்பார். போட்டி மேட்டில் (விரிப்பில்) அது நல்ல உத்தி. மேலே இருப்பவர் குத்தலாம் என்று ஆனவுடன் கதை மாறிவிடும்.

இந்த ஓட்டைகள் சில சமயம் ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமையும். விளையாட்டுச் சாம்போவில் காலை முறுக்கிச் சரணடைய வைக்கலாம், கழுத்தை நெரிக்கக் கூடாது. ஜூடோவில் கழுத்தை நெரிக்கலாம், காலை முறுக்கக் கூடாது. ரஷ்யாவில் இரண்டையும் சேர்த்தே பழகுகிறவர்கள் நிறைய இருப்பதில் ஆச்சரியமில்லை.

சிலம்பத்துக்கும் இது பொருந்தும். கம்பின் நீளம்தான் அதன் கோட்டை. எதிராளி அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அல்லது கம்பைப் பிடித்துவிட்டால்? நம் ஆசான்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் பல சிலம்பக் கூடங்களில் கம்போடு குத்துவரிசையும் பிடிவரிசையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பார்கள். உங்கள் ஆசானுக்கு அவை தெரியுமென்றால், இரண்டாவது கலையைத் தேடி வெளியே போகும் முன் அவரிடமே கேளுங்கள்.

எவ்வளவு கற்க வேண்டும்

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிக்கொள்ளும் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. பாக்சர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார். கையை முறுக்கவுமில்லை, கழுத்தைப் பிடிக்கவுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜிம்மர்சன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்று பட்டம் வென்றவர் கிரேசி. ஜியு-ஜிட்சுதான் உலகிலேயே சிறந்தது என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1997 ஜூலையில் நடந்த யுஎஃப்சி 14. மார்க் கோல்மன் அப்போது ஹெவிவெயிட் சாம்பியன். கல்லூரி மல்யுத்தத்தில் பெயர் பெற்றவர், ஒலிம்பிக் மல்யுத்த வீரர், பிடித்தால் எழ விடமாட்டார். எதிரில் மாரிஸ் ஸ்மித், கிக்பாக்சர். அவர் தரைச் சண்டை தெரிந்த ஃப்ராங்க் ஷாம்ராக்கோடு சேர்ந்து தரைப் பயிற்சி எடுத்திருந்தார். கோல்மனை மல்யுத்தத்தில் வெல்வதற்காக அவர் அதைக் கற்கவில்லை, அது நடக்கவும் நடக்காது. கீழே கிடக்கும்போது அடிபடாமல் பிழைப்பது, மூச்சை மிச்சப்படுத்துவது, எழுந்துகொள்வது, இவ்வளவுதான் பாடம். கோல்மன் களைத்துப் போனார். ஸ்மித் எழுந்து நின்று உதைத்துப் புள்ளிக் கணக்கில் வென்றார்.

புதியவர்கள் இந்த அளவைத்தான் குறி வைக்க வேண்டும். இரண்டாவது கலையில் முதல் ஆண்டு முழுக்கத் தப்பிக்கும் பாடம் படியுங்கள். நின்று அடிப்பவர் என்றால்: காலுக்குப் பாய்பவரை எப்படித் தடுப்பது, விழுந்தால் எப்படி எழுவது, மேலே உட்கார்ந்தவரை எப்படிப் புரட்டுவது. பிடிப்பவர் என்றால்: கையைத் தூக்கி முகத்தை மறைப்பது, அடி தூரத்தைக் கணிப்பது, அடி வாங்காமல் உள்ளே நுழைவது. தப்பித்தபின் உங்களுக்குத் தெரிந்த சண்டைக்குத் திரும்பிவிடலாம். இரண்டிலும் கில்லாடி ஆக வேண்டும் என்று முதல் நாளே ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

எதோடு எது சேரும்

ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் கலைகளைச் சேர்ப்பதுதான் சுலபம். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். கராத்தே தெரியும், ஆகவே டேக்வாண்டோ சீக்கிரம் வரும் என்று அங்கே போய்ச் சேர்வார்கள். சாவிக்கொத்தில் ஒரே மாதிரி இரண்டு சாவி இருந்தால்தானே கை தடுமாறும்? கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு வர வேண்டும் என்று திட்டுவார்கள். பாக்சிங்கில் அதே கை தாடையை விட்டு நகர்ந்தால் திட்டு. ஒரே குத்துக்கு இரண்டு பழக்கம், அவசரத்தில் எது வரும் என்று உங்களுக்கே தெரியாது. கராத்தேயும் ஜூடோவும் என்றால் இந்தக் குழப்பம் குறைவு. ஒன்று குத்தும் தூரத்தில் நடப்பது, மற்றது சட்டையைப் பிடித்தபின் தொடங்குவது.

கராத்தே, டேக்வாண்டோ பழகியவர்களுக்கு ஜூடோவைத்தான் முதலில் சொல்வேன். இரண்டிலும் சட்டை போட்டு, பெல்ட் கட்டி, குனிந்து வணங்கும் வழக்கம் இருப்பதால் சுலபமாக ஒட்டிக்கொள்வார்கள், விழவும் கற்றுக்கொள்வார்கள். பாக்சருக்கு மல்யுத்தம். முவாய் தாய்க்கு ஜியு-ஜிட்சு. ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சுக்காரர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாக்சிங்கைச் சொல்லலாம். கையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதால் சீக்கிரம் பிடிபடும், பயிற்சியாளரும் கிடைப்பார். சிலம்பக்காரர்களுக்கும் பாக்சிங்கே நன்றாகச் சேரும் என்பது என் எண்ணம். காலடி வரிசையில் பக்கவாட்டில் விலகிப் பழகிய கால்கள் ரிங்கில் அழகாக வேலை செய்யும்.

ஆனால் ஊரில் நல்ல பயிற்சியாளர் யார் இருக்கிறார் என்பதுதான் கடைசியில் முடிவு செய்யும். ஜியு-ஜிட்சு வேண்டும் என்று வாரம் இருமுறை பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுவதைவிட, இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுமாரான ஜூடோ வகுப்புக்குத் தவறாமல் போவது மேல்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் வேறு இடம் தேடுங்கள். புதியவர்களோடு பழையவர்கள் எப்படி விளையாடுகிறார்கள்? மூத்த மாணவர் புதியவரைப் போட்டு அடித்துத் துவைப்பதை மாஸ்டர் ரசித்துப் பார்த்தால் அங்கே காயம் நிச்சயம். ஜூடோ, மல்யுத்தம் என்றால் மேட்டை மிதித்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் மெல்லிய விரிப்பைப் போட்டு எறிதல் சொல்லிக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன.

பயிற்சியாளர் யாரிடம் கற்றார், போட்டியில் ஆடியவரா என்று கேட்பதில் தப்பில்லை. பாக்சிங், ஜூடோ, மல்யுத்தத்தில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் என்ஐஎஸ் டிப்ளமோ முடித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட விளையாட்டரங்கில் என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். தனியார் ஜிம்மின் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப் போனவர்களுக்கு அங்கே வழி கிடைக்கலாம்.

பழைய மாஸ்டரிடம் சொல்வது

சொல்லிவிடுங்கள். ஒளித்துப் போனால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வழியாக அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அது நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடும். "மாஸ்டர், நம்ம வகுப்பை விடல. கீழ விழுந்தா என்ன செய்யறதுன்னு தெரியல, அதுக்காக செவ்வாய், சனி ஜூடோவுக்குப் போகலாமான்னு நினைக்கிறேன்" என்று நேரில், தனியாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். நாள் போகப் போகச் சரியாகும். "போனால் இங்கே வராதே" என்பவரும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிய இடத்துக்குப் போகும்போது பழைய பெல்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "எங்கள் கராத்தேயில் இதை வேறு மாதிரி செய்வோம்" என்ற வாக்கியத்தையும் சேர்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் மாதம்

பிடிக்கும் கலை என்றால் முதல் வேலை விழக் கற்பது. தாடையை நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், தலையின் பின்பக்கம் தரையைத் தொடக் கூடாது. விழும்போது கையை ஊன்றாதீர்கள். மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் உடைவது அப்படித்தான். முன்கை முழுவதையும் உடம்புக்குச் சற்றுத் தள்ளித் தரையில் அறையுங்கள், மூச்சை வெளியே விடுங்கள். எந்த நாளும் வகுப்பின் தொடக்கத்தில் இதைச் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் பைக்கிலிருந்து விழும்போதுகூடக் காப்பாற்றுகிற பாடம் இது.

இரண்டாவது, தட்டக் கற்பது. எதிராளி உடம்பிலோ மேட்டிலோ இரண்டு மூன்று முறை பளிச்சென்று தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டால் வாயால் கத்துங்கள். கழுத்தின் இருபக்கமும் சரியாக இறுகினால் பத்து விநாடிக்குள் மயக்கம் வந்துவிடும், வீம்புக்கு நேரமில்லை. முழங்கையும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும் முன்பே பழுதாகலாம், குறிப்பாகக் கால் பிடிகளில். அதனால் சீக்கிரம் தட்டுங்கள். அடுத்தவர் தட்டினால் அந்த நொடியே விடுங்கள்.

அடிக்கும் கலைக்குப் போகிறவர்கள் மவுத்கார்டை முதல் நாளே வாங்குங்கள், கையில் சுற்றும் துணியையும் சேர்த்து. கிளவுஸைப் பொறுமையாக வாங்கலாம்.

தோல் விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் மேட்டில் புரண்டால் படர்தாமரை தொற்றுவது மிகச் சாதாரணம். சீருடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவையுங்கள், பையிலேயே மறுநாள்வரை விடாதீர்கள். உடனே குளியுங்கள். நகம் வெட்டுங்கள். வட்டமாக அரிப்பு வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கும், அப்புறம் படர்தாமரையை இன்னும் மோசமாக்கும்.

வாரக் கணக்கு

வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவருக்கு வாரம் நான்கு நாள் போதும்: முதல் கலைக்கு இரண்டு அல்லது மூன்று, புதியதற்கு ஒன்று அல்லது இரண்டு. முதல் மூன்று மாதம் ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள். ஒரு நாளாவது முழு ஓய்வு. பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு: இரண்டு மாஸ்டர்களுக்கும் மற்றவர் என்ன வேலை வாங்கினார் என்று தெரியாது. வியாழன் அங்கே கடும் ஸ்பேரிங், வெள்ளி இங்கேயும் கடும் ஸ்பேரிங் என்று அமைந்துவிடும். கணக்கு வைக்க வேண்டியது நீங்கள்தான். கடும் ஸ்பேரிங் வாரத்துக்கு ஒன்று, அதுவும் ஒரு கலையில் மட்டும்.

தலையில் பலமாக அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் பார்த்தால் எரிச்சல், தூக்கத்தில் குழப்பம் என்று எதுவும் வந்தால், இரண்டு வகுப்பும் நிறுத்தம். "பாக்சிங்தானே வேண்டாம், ஜூடோ செய்யலாமே" என்பது வேலைக்காகாது; எறிதலிலும் மூளை குலுங்கும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே திரும்புங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

தனித்தனியாகக் கற்றது தானாகச் சேர்ந்துகொள்ளாது. நண்பர் ஒருவரையும், மேற்பார்வைக்கு மூத்தவர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, வலு குறைத்து, சின்னச் சின்னக் கட்டுப்பாட்டோடு விளையாடுங்கள். ஒருவர் குத்த மட்டும் செய்வார், மற்றவர் பிடித்து இடுப்பைக் கட்ட மட்டும் முயல்வார். இரண்டு நிமிடம், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, ஒருவர் கீழே கிடக்கத் தொடங்குவார். அவர் வேலை எழுந்து நிற்பது, மேலே இருப்பவர் வேலை எழ விடாமல் செய்வது, லேசாகத் தட்டும் அடிகளும் உண்டு. எழுந்தால் அவருக்கு வெற்றி. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாறும் இடத்தில்தான் தடுமாற்றம் இருக்கும்: குத்தும் தூரத்திலிருந்து பிடிக்கும் தூரத்துக்கு வரும் அந்த ஒரு எட்டில்.

கத்தி வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: எத்தனை கலை கற்றிருந்தாலும் ஓடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் சேருங்கள், மீதி நேரம் நீச்சலோ தெரு கிரிக்கெட்டோ ஆடட்டும்.

போட்டிக்கு முன்

ஏதாவது ஒரு கலையில் போட்டிக்குப் பெயர் கொடுத்தால், அதற்கு ஐந்தாறு வாரம் முன்பிருந்து மற்றதைக் குறைத்துவிடுங்கள், கடைசி இரண்டு வாரம் முழுதாக நிறுத்துங்கள். காயத்துக்கு மட்டும் பயந்து சொல்லவில்லை. மல்யுத்தம் பழகிய கை ஜூடோ மேட்டில் தானாக எதிராளி காலைப் பிடிக்கும், நடுவர் தண்டிப்பார். பாக்சிங் பழகிய கை டேக்வாண்டோவில் முகத்துக்குப் போகும், அங்கேயும் புள்ளி போகும். கால்களால் கத்தரி போட்டு எதிராளியை வீழ்த்தும் கானி பசாமி என்ற எறிதல் ஜூடோவிலும் ஜியு-ஜிட்சுவிலும் தடை, ஏனெனில் முழங்காலே போய்விடும். சாம்போ பார்த்துப் பழகியவர்கள் அதைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்வதுண்டு. போட்டிக்கு முந்தைய வாரம், முதலில் கோடு போட்டு வைத்த விதிப் பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். ஆறு மாதத்துக்குள் வந்த மாற்றங்கள் இருந்தால் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வதேச ஜூடோ சங்கம் அடிக்கடி மாற்றும்.